கீரை அந்துப்பூச்சிப் படங்கள் தேவை: சென்னை நண்பர்கள் உதவுங்கள்

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் காலி மனைகளில் சாரணை தழைக்கும்போது கண்ணில் படும் ஸ்போலாடியா ரிகர்வாலிஸ் அந்துப்பூச்சியின் படங்கள் வேண்டும். கிண்டி, பள்ளிக்கரணை, மாதவரம் பக்கம் இருப்பவர்கள் பாருங்கள். மாடியில் முளைக்கீரை போட்டிருந்தால் இன்னும் எளிது.

இறக்கை விரிப்பு ஏறக்குறைய 2 செ.மீ.தான். கரும்பழுப்பு நிறம். முன்னிறக்கை நடுவில் வெள்ளைப் பட்டை, நுனிப்பக்கம் இன்னொரு குட்டைப் பட்டை. பின்னிறக்கையிலும் ஒன்று உண்டு. உட்காரும்போது அது முன்பட்டையோடு சேர்ந்து ஒரே கோடாகத் தெரியும். புழு பச்சை, இலையை நூலால் மடித்து உள்ளிருந்து சுரண்டும்.

வெப்பநாடுகள் முழுக்கப் பரவிய இனம் என்பதால் கிடைப்பது சிரமமில்லை. குழப்பம் இதைப் போலவே இருக்கும் ஹைமீனியா பெர்ஸ்பெக்டாலிஸ் என்ற இன்னொரு அந்துப்பூச்சியோடுதான்: அதன் பட்டை மெல்லியது, புள்ளிகள் அதிகம். இறக்கைச் செதில் உதிர்ந்த பூச்சியில் பட்டை தேய்ந்து இரண்டும் ஒன்றுபோல இருக்கும், அதை விட்டுவிடுங்கள்.

நேர் மேலிருந்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள்; ஃபிளாஷில் வெள்ளை பரவி, பட்டை அகலமாகக் காட்டும். பக்கத்தில் மில்லிமீட்டர் ஸ்கேல் வையுங்கள். தேதி, ஏரியா, உட்கார்ந்த செடி மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். புழுவோடு இலைப்படம் கிடைத்தால் ரொம்ப நல்லது.