பனியில் குழாய் வெடித்தால் செலவு யாருக்கு?

வீட்டுக்காரன்:
போன குளிர்காலத்தில், நான் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டில் சமையலறைக் குழாய் வெடித்துவிட்டது. குடியிருந்தவர்கள் பத்து நாள் வெளியூர் போகும்போது ஹீட்டரைச் சுத்தமாக அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் மரத்தரை முழுக்க அலை அலையாக எழும்பிக் கிடக்கிறது. இந்த வருடம் ஒப்பந்தத்திலேயே எழுதப் போகிறேன்: ஆள் இல்லாவிட்டாலும் ஹீட்டர் 13 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, மீறினால் செலவு அவர்களுடையது. நியாயம்தானே?

நிலா:
பாதி நியாயம் சார். பில் கட்டுவது வாடகைக்கு இருக்கும் நாங்கள். என் படுக்கையறையில் மூடின ஜன்னல் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினால் சுடர் படுத்துக்கொள்கிறது. அந்த இடுக்கை அடைக்கச் சொல்லி இரண்டு குளிர்காலமாகக் கேட்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் ஒரு ரப்பர் பட்டை கூட ஒட்டித் தரவில்லை. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, நிரம்பவில்லை என்று எங்களைத் திட்டினால் எப்படி?

வீட்டுக்காரன்:
என் வீட்டு ஜன்னல் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் மேல் உள்ள கோபத்தை என் மேல் காட்டாதீர்கள்.

குழாய்_வேலை:
18 வருடமாகப் பிளம்பிங் செய்கிறேன். அந்தச் சமையலறைக் குழாய் வெளிச்சுவர் வழியாகப் போகிறதா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

ஐஸ் கட்டின இடத்திலேயே குழாய் பிளக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். ஐஸ் அடைப்புக்கும் மூடின குழாய் வாய்க்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீருக்குப் போக்கிடம் கிடையாது. அழுத்தம் ஏறி ஏறி, எங்கே பலவீனமோ அங்கே பிளக்கும். கடுங்குளிர் ராத்திரியில் குழாயை நூல் மாதிரி ஒழுகவிடச் சொல்வது இதனால்தான். சிங்க் அடி அலமாரிக் கதவையும் திறந்து வைக்க வேண்டும், அறைச் சூடு உள்ளே போகட்டும். இதெல்லாம் குடியிருப்பவர் வேலை. ஆனால் வெளிச்சுவர்க் குழாய்க்கு உறை போடுவது வீட்டுக்காரர் வேலை. உறை இல்லாவிட்டால், கூடத்தில் 13 டிகிரி இருந்தாலும் சுவருக்குள்ளே உறைந்துவிடலாம்.

வீட்டுக்காரன்:
வெளிச்சுவர்தான். உறை போட்டதாக நினைவில்லை. ஆனால் இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லையே அண்ணா?

நிலா:
இத்தனை வருடம் யாரோ உங்களுக்காக ஹீட்டர் பில் கட்டிக்கொண்டிருந்தார்கள் சார்.

இரண்டு_வீடு:
நானும் வாடகைக்கு விடுபவன்தான், ஆனால் நிலா பக்கம்தான் பேசுவேன். குளிர் தொடங்குமுன் ஒரு நாள் ஒதுக்கி நானே போய்விடுவேன். கூரைத் தாரையில் இலை அள்ளுவது, ஹீட்டர் ஃபில்டர் மாற்றுவது, கார்பன் மோனாக்சைடு அலாரத்தை அழுத்திப் பார்ப்பது எல்லாம் அன்றே முடிந்துவிடும். அந்த விஷ வாயுவுக்கு வாசனை கிடையாது, அதனால் அலாரத்தில் மட்டும் யாரையும் நம்ப மாட்டேன்.

நான் ஏமாந்தது தோட்டத்துக் குழாயில். உறையாத வகைக் குழாய்தான், வால்வு சுவருக்கு உள்ளே சூடான பக்கம் இருக்கும். ஆனால் ஹோஸைக் கழற்றாமல் விட்டால் தண்ணீர் வடியாமல் உள்ளேயே நின்று உறைந்துவிடும். குளிர்காலம் முழுக்க ஒன்றும் தெரியவில்லை. வசந்தத்தில் குடியிருந்தவர் செடிக்குத் தண்ணீர் விடத் திறந்தார், சுவருக்குள்ளே கொட்டியது. ஹோஸ் அவருடையது, சுவர் என்னுடையது. யாரைக் குற்றம் சொல்ல?

வீட்டுக்காரன்:
சுவர் பூசணம் பிடித்தாலும் என் தப்புதானா? வீட்டுக்குள்ளே துணி காயப்போட்டு, ஜன்னலே திறக்காமல் இருக்கிறார்கள்.

நிலா:
திறந்தால் சூடு போகிறது, மூடினால் பூசணம் என்கிறீர்கள். குளியலறையில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள், பாதிச் சண்டை தீரும். அதை விடுங்கள். நாலு வருடமாக இருக்கிறேன், மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று இதுவரை எனக்கு யாரும் காட்டவில்லை. குழாய் வெடித்தால் நான் எதை மூட?

குழாய்_வேலை:
இதுதான் கேள்வி. வெடிப்பு கைக்கட்டை விரல் அளவுதான் இருக்கும். நாசமெல்லாம் யாரும் மூடாமல் ஓடுகிற தண்ணீரால்தான். குடிவரும் அன்றே வால்வைக் காட்டி, ஒரு தடவை அவர்களையே மூடித் திறக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரன்:
இன்று போய்ப் பார்த்தேன். படிக்கட்டுக்கு அடியில், பழைய பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு கையாலும் திருகினேன், அசையவே இல்லை. 13 டிகிரி விதியை எழுதத்தான் போகிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் இதற்கு என்ன செய்வது?

குழாய்_வேலை:
ஸ்பானர் போட்டு முறுக்கிவிடாதீர்கள், தண்டு முறிந்தால் வீடே குளம். ஆளைக் கூப்பிட்டு மாற்றுங்கள், பனி விழுவதற்குள். அந்த டப்பாக்களையும் எடுத்துவிடுங்கள்.