டவுன் குப்பை எங்கள் ஓடையில், யாரிடம் கேட்பது?

கீழ்மலைக்காரன்:
கொடைக்கானலுக்குக் கீழே எங்கள் தோட்டம். டவுன் குப்பை கொட்டும் சரிவிலிருந்து மழைக்காலத்தில் தண்ணீர் கறுப்பாக இறங்கி ஓடையில் கலக்கிறது. போன வாரம் பீன்ஸுக்குப் பாய்ச்ச மோட்டார் போட்டால் தண்ணீர் ஏறவில்லை, தண்ணீருக்குள் கிடக்கும் குழாய் முனையின் ஃபுட்வால்வைத் தூக்கிப் பார்த்தால் ஷாம்பு பாக்கெட்டும் பிரியாணிக் கவரும் சுற்றிக் கிடக்கின்றன. மனு கொடுத்தால் ‘பார்க்கிறோம்’ என்கிறார்கள். சட்டத்தில் வழி உண்டா?

மலைப்பூண்டு:
2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளில் மலைப்பகுதிக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. மலையில் குப்பைக்கிடங்கு அமைப்பதைத் தவிர்க்க வேண்டும், கீழே சமவெளியில் 25 கிலோமீட்டருக்குள் இடம் பார்க்க வேண்டும் என்று. ஓடையில் குப்பைநீர் கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று எனத் தண்ணீர் எடுத்துச் சோதித்து, அந்த ரிப்போர்ட்டோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள். அசையவில்லையா, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது, வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம்.

அடிவாரம்:
அண்ணே, சமவெளி என்றால் எங்கள் தலையில்தானே? மதுரைக்காரரும் சென்னைக்காரரும் தின்று போட்டதை உங்கள் ஓடையிலிருந்து எடுத்து எங்கள் கண்மாயில் போடுவது என்ன நியாயம்? 2024 மே முதல் கொடைக்கானல் ஏறும் வண்டிக்கு இ-பாஸ் வந்தது, சரி, வண்டியை எண்ணுகிறார்கள். அது இறக்கிவிட்டுப் போகும் குப்பையை யார் எண்ணுகிறார்கள்? ஹோட்டல்காரர்கள் எச்சிலையை அங்கேயே மக்க வைக்கட்டும், மிச்சத்தைப் பேசலாம்.

கீழ்மலைக்காரன்:
தம்பி சொல்வதும் நியாயம்தான். நாளைக்கு இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடிக்கிறேன். திண்டுக்கல்லில் சோதிக்க இடம் தெரிந்தால் சொல்லுங்கள்.