ஹப்ஸோன் சான்று: விண்ணப்பிக்கும் முன் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவுக்கு வந்து சிறு தொழில் தொடங்கிய நம்மவர்கள், கூட்டரசின் ஒப்பந்த வேலைகளைப் பெற ஹப்ஸோன் சான்று, அதாவது ஹப்ஸோன் என்று அரசு குறித்த நலிந்த பகுதிகளில் இயங்கும் சிறு நிறுவனங்களுக்கான சான்று, வாங்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பால்டிமோரில் கட்டடத் துப்புரவு நிறுவனம் நடத்துபவன் என்ற முறையில், பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் குடியுரிமையைப் பாருங்கள். நிறுவனத்தில் குறைந்தது 51 சதவீத உரிமையும் நிர்வாகமும் அமெரிக்கக் குடிமக்களிடம் இருக்க வேண்டும். கிரீன் கார்டு போதாது. குடியுரிமை பெற்ற மைத்துனர் பெயரில் பங்கை எழுதி வைத்துவிட்டு நாமே நடத்திக்கொள்ளலாம் என்ற யோசனை சிலருக்கு வரும். நிர்வாகமும் குடிமக்களிடமே இருக்க வேண்டும் என்பதால் அது செல்லாது என்பதோடு, பொய்யாகச் சான்றளித்த குற்றத்திலும் கொண்டுபோய் விடும். குடியுரிமை வரும்வரை, ஏற்கெனவே அரசு வேலை செய்யும் நிறுவனங்களிடம் துணை ஒப்பந்தம் எடுத்துச் செய்யுங்கள். அந்த அனுபவம் பிறகு விலைப்புள்ளி கொடுக்கும்போது கைகொடுக்கும்.

1997இல் வந்த சட்டத்தின்படி சிறுதொழில் நிர்வாகமான எஸ்பிஏ நடத்தும் இந்தத் திட்டம் உரிமையாளரின் இனத்தையோ பூர்வீகத்தையோ பார்ப்பதில்லை. நலிந்த பகுதியில் வேலை உருவாகிறதா என்பதையே பார்க்கிறது. ஆகவே தலைமை அலுவலகம் ஹப்ஸோன் பகுதிக்குள் இருக்க வேண்டும்; ஊழியர்களில் 35 சதவீதம் பேர், அதே பகுதியில் இல்லாவிட்டாலும், ஏதாவதொரு ஹப்ஸோனில் குடியிருக்க வேண்டும். தபால் பெட்டி முகவரியை அலுவலகம் என்று காட்ட முடியாது.

நான் இடறியது ஊழியர் கணக்கில்தான். எங்களிடம் அப்போது 20 பேர்; 35 சதவீதம் என்றால் ஏழு பேர், சரியாக ஏழு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் இரண்டு மாதம் முன்பு தெருவைக் கடந்து எதிர்ச்சாரியில் வீடு மாறியிருந்தார். ஓட்டுநர் உரிமத்தில் பழைய முகவரியே இருந்ததால் நான் கவனிக்கவில்லை. ஹப்ஸோன் பகுதிகளின் எல்லை பெரும்பாலும் சென்சஸ் டிராக்ட் (மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரித்த சிறு வட்டாரம்) கோட்டை ஒட்டியே போகிறது, அந்தக் கோடோ பல இடங்களில் தெருவின் நடுவே ஓடுகிறது; இந்தப் பக்க வீடு உள்ளே, அந்தப் பக்க வீடு வெளியே. எஸ்பிஏ வாடகை ஒப்பந்தத்தைக் கேட்டபோது விஷயம் வெளிப்பட்டது, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, மீண்டும் விண்ணப்பிக்க 90 நாள் காத்திருந்தேன். பிழை என்னுடையதுதான். ஏழு பேர் வேண்டுமென்றால் ஒன்பது பேரை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரின் முகவரியையும் எஸ்பிஏ வரைபடத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள்.

2025 ஜனவரி 16 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, மாதம் 80 மணி நேரமாவது வேலை செய்பவரே ஊழியராகக் கணக்கில் வருவார்; முன்பு 40 மணி நேரம் போதும். எங்களைப் போலப் பகுதிநேர ஆட்களை நம்பி நடக்கும் தொழிலில் இது பெரிய வேறுபாடு. இதற்கு ஈடாக, ஊழியர் ஹப்ஸோனில் குடியிருக்க வேண்டிய காலம் 180 நாளிலிருந்து 90 நாளாகக் குறைந்தது, ஆண்டுதோறும் செய்த மறுசான்றளிப்பும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையானது.

கிடைக்கும் பலன் என்ன? அரசு தன் நேரடி ஒப்பந்தப் பணத்தில் 3 சதவீதம் இத்தகைய நிறுவனங்களுக்குச் சேர வேண்டும் என்று இலக்கு வைத்திருப்பதால், அவர்களுக்கென்றே ஒதுக்கப்படும் வேலைகள் உண்டு. பொதுப் போட்டியில் பெரிய நிறுவனம் பத்து லட்சம் டாலர் கேட்டு, நீங்கள் பத்து லட்சத்து எண்பதாயிரம் கேட்டாலும், 10 சதவீத விலைச் சலுகை இருப்பதால் உங்கள் விலையே குறைவு என்று கொள்ளப்படும். ஆனால் சான்று கிடைத்ததும் வேலை தானாக வந்துவிடாது. அலுவலர்களைத் தேடிப் போய் அறிமுகம் செய்துகொள்ள எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

எல்லாவற்றுக்கும் முன்பு, அரசு ஒப்பந்தம் பெற விரும்பும் நிறுவனங்கள் பதியும் அரசு இணையதளமான சாம் (SAM.gov) தளத்தில் நிறுவனத்தைப் பதிய வேண்டும். பதிவுக்கும் கட்டணமில்லை, ஹப்ஸோன் சான்றுக்கும் கட்டணமில்லை. பதிந்த சில நாளிலேயே, அரசு முத்திரை போன்ற படத்தோடு, புதுப்பிக்க நூற்றுக்கணக்கில் டாலர் கேட்டு மின்னஞ்சல்கள் வரும், திறக்காமலேயே அழித்துவிடுங்கள்.