மூணாறுப் பெண்கள் எழுந்தது குறைந்த கூலிக்கு எதிராகவா, ஆணாதிக்கத்துக்கு எதிராகவா?

கொழுந்துக்காரி மகள்:
2015 செப்டம்பரில் கேரளத்தின் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள் ஒன்பது நாள் சாலையில் அமர்ந்த போராட்டத்தை வெறும் கூலிப் போராட்டம் என்று எழுதி முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தோட்ட நிர்வாகம் போனஸை 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைத்ததும், 232 ரூபாய் நாள்கூலியை 500 ஆக்க மறுத்ததும் அவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தன என்பது உண்மை. ஆனால் வந்து அமர்ந்த பெண்கள், இடதோ வலதோ, எந்தக் கொடியின் தொழிற்சங்கத் தலைவரையும் தங்கள் நடுவே விடவில்லை. கொழுந்து கிள்ளும் கைகள் பெண்களுடையவை. வேலையை மேற்பார்க்கும் கங்காணியும் சங்கத் தலைவரும் கூலி பேசப் போகிறவரும் பெரும்பாலும் ஆண்கள். 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்று அவர்கள் தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டது இந்த ஏற்பாட்டைக் கண்டுதான். ஆண், பெண் உறவே ஓர் அதிகார உறவு, அது வீட்டில் தொடங்கி மற்ற அமைப்புகளுக்குள் பரவுகிறது என்று கேட் மில்லட் போன்ற தீவிரப் பெண்ணியர்கள் 1970இல் வாதிட்டார்கள். இது மேற்கத்தியச் சரக்கு என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: 'ஆண்மை' என்ற கருத்து அழியாமல் பெண் விடுதலை இல்லை என்று பெரியார் அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார்.

தேவிகுளம் தோழர்:
சகோதரி, தலைவர்கள் மீது அந்தப் பெண்களுக்கு இருந்த கோபம் நியாயமானது. சங்கத்தில் இருந்தவன் என்ற முறையில் அதை நான் மறுக்கவில்லை. நீங்கள் அதிலிருந்து எடுக்கும் முடிவைத்தான் மறுக்கிறேன். அதே பெண்கள் அன்றைய எதிர்க்கட்சித் தலைவரான மார்க்சிஸ்ட் வி.எஸ். அச்சுதானந்தனை வரவேற்றுத் தங்களோடு அமரச் செய்தார்கள். அவர்கள் விலக்கியது ஆண் என்பதற்காக அல்ல, நிர்வாகத்தோடு கைகோத்தவர்கள் என்று கருதியதற்காக. 20 விழுக்காடு போனஸ் அவர்கள் தனியாக வென்றது; ஆனால் நாள்கூலி 301 ரூபாய் ஆனது அக்டோபரில், சங்கங்கள் அமர்ந்த தோட்டத் தொழிலாளர் குழுவின் பேச்சுவார்த்தையில். 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) புதைந்தபோது மாண்ட 70 பேரில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு, குழந்தையும் உண்டு. அவர்களை அந்தச் சரிவில் குடியிருத்தியது ஆணாதிக்கம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

மறையூர் வாசகி:
இருவரும் சாதியைத் தொடாமலே பேசுகிறீர்கள். அமர்ந்த பெண்களில் பெரும்பாலோர் தலித்துகள். வெள்ளையர் காலத்தில் தமிழ் நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த குடும்பங்களின் வழியினர். கேரளத்தின் நிலச் சீர்திருத்தம் தோட்டங்களுக்கு விலக்கு அளித்ததால், மற்ற இடங்களில் குடிகிடப்புக்காரருக்கு, அதாவது பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களுக்கு, கிடைத்த மண் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் பாஸ்டனில் கறுப்பினப் பெண்கள் 1977இல் வெளியிட்ட அறிக்கை, ஆண்களை முற்றாக விலக்கும் அரசியலை மறுத்து, இனவெறிக்கு எதிராகக் கறுப்பின ஆண்களோடு சேர்ந்தும், ஆணாதிக்கத்தைக் குறித்து அதே ஆண்களோடு மோதியும் போராடுவோம் என்றது. தீவிரப் பெண்ணியத்தை நாம் படிப்பதானால் அந்தத் திருத்தத்தோடு படிக்க வேண்டும்.

கொழுந்துக்காரி மகள்:
சாதியைச் சொல்லாமல் விட்டது பெரிய குறைதான் வாசகி. நீங்கள் சொன்ன நிலத்திலிருந்தே தோழருக்குப் பதில் சொல்கிறேன். லயத்து வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் வீடும் போகும் என்பதால், ஓய்வுபெறும் மாமியாரின் இடத்தில் மருமகளோ மகளோ கூடை தூக்கினால்தான் குடும்பத்துக்குக் கூரை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணிடம் 'வீடு போய்விடுமே' என்று சொல்லி அவளை மலைக்கு அனுப்புகிறவர் நிர்வாகி அல்ல, அவளுடைய அப்பா. மகனை அதே அப்பா கோயம்புத்தூருக்கோ திருப்பூருக்கோ வேறு வேலைக்கு அனுப்பிவிடுகிறார். முதலாளி போட்ட நிபந்தனையை வீட்டுக்குள் யார் தலையில் இறக்குவது என்று தீர்மானிக்கும் அதிகாரத்துக்கு என்ன பெயர் தோழரே? கூலி 301 ஆனாலும் 500 ஆனாலும் அந்தத் தீர்மானம் மாறாது. மாலையில் கொழுந்தை எடை போட்டுவிட்டு வருகிறவள்தான் விறகும் சுமந்து, சமையலும் முடிக்கிறாள். எந்தக் கோரிக்கைப் பட்டியலிலும் அந்த உழைப்பு ஏறவில்லை.

தேவிகுளம் தோழர்:
இந்தக் கேள்விக்கு எங்கள் சங்கக் கூட்டங்களில் இடம் இருந்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தீர்வு வீட்டுமனைப் பட்டாதான். அது கிடைத்தால் மகளை மலைக்கு அனுப்பும் கட்டாயமே மறைந்துவிடும். பட்டா குடும்பத்தின் பெயரில், கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கட்டும்.

கொழுந்துக்காரி மகள்:
நான் உடன்படவில்லை. மூன்று தலைமுறையாக அந்த வீட்டைத் தன் வேலையால் காப்பாற்றியவள் பெண். பட்டாவும் அவள் பெயரில் மட்டுமே எழுதப்பட வேண்டும். கூட்டுப் பெயர் என்றால் விற்கவும் அடகு வைக்கவும் அவளை மிரட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். 1929இலேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்த உரிமையைப் பட்டா கோரும் மனுவிலேயே எழுதிக் கேட்க உங்கள் சங்கம் தயாரா?