விபத்தில் உயிர் தப்பியவன் சபையில் எப்படிச் சாட்சி சொல்வது?

பிறைவாசி எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். மலேசியாவின் பிறை நகரிலிருந்து பினாங்குப் பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்பவன் நான். அண்மையில் ஒரு காலை, தூறல் விட்டும் விடாமலும் இருந்த வேளையில், பாலத்தின் மேல் எனக்கு முன்னால் சென்ற லோரியில் கயிறு அறுந்து பலகைகள் சரிந்து விழுந்தன. நான் எப்படியோ ஓரமாக ஒதுங்கி விழுந்ததால் முழங்கையில் சிராய்ப்போடு தப்பினேன். எனக்குச் சற்றுப் பின்னால் வந்த ஓர் இளைஞர் பலகையில் மோதித் தூக்கி எறியப்பட்டு, அன்று மாலையே மருத்துவமனையில் இறந்துவிட்டார். அவரை எனக்கு முன்பின் தெரியாது.

ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும்படி, அதாவது கர்த்தர் எனக்குச் செய்த நன்மையைச் சபையார் முன் எடுத்துச் சொல்லும்படி, எங்கள் போதகர் கேட்டிருக்கிறார். எனக்கு நன்றியுணர்வு இல்லாமல் இல்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது பொங்குகிறது. ஆனால் கர்த்தர் என்னைக் காப்பாற்றினார் என்று எல்லார் முன்பாகவும் சொன்னால், அந்த இளைஞரை அவர் கைவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னதாகிவிடாதா? போதாக்குறைக்கு, சாலை விபத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு குடும்பமும் எங்கள் சபையில் இருக்கிறது. சாட்சி சொல்ல மறுப்பது அவிசுவாசமா? சொல்வதானால் எப்படிச் சொல்வது?

பிரிக்ஃபீல்ட்ஸ் தாத்தா எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வி திருச்சபையைப் போலவே பழையது. அப்போஸ்தலர் நடபடிகள் 12-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். ஏரோது ராஜா யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொல்லுகிறான். அது யூதருக்குப் பிரியமாயிருப்பதைக் கண்டு பேதுருவையும் பிடித்துச் சிறையில் வைக்கிறான். ஆனால் பேதுருவைத் தேவதூதன் வந்து விடுவிக்கிறான். இருவரும் அப்போஸ்தலர்கள், இருவரும் ஆண்டவரோடு கூடவே நடந்தவர்கள். ஒருவர் ஏன் மாண்டார், மற்றவர் ஏன் மீண்டார் என்று அந்த நூலை எழுதிய லூக்கா ஒரு வரி கூட எழுதவில்லை. யாக்கோபின் விசுவாசம் குறைவு என்று சொல்லவும் இல்லை, பேதுருவின் விடுதலையை அடக்கிச் சொல்லவும் இல்லை. பேதுரு வந்து கதவைத் தட்டியபோது, யாக்கோபை இழந்த துயரம் அந்த வீட்டில் ஆறியிருக்க வழியில்லை. இருந்தும் ரோதை என்னும் பெண் கதவைத் திறக்கவும் மறந்து சந்தோஷத்தோடு உள்ளே ஓடினாள் என்று வேதம் சொல்கிறது. ஆகவே நீங்கள் மகிழ்வதில் குற்றமில்லை.

ஆனால் நம் சபைகளில் சாட்சிக்கு ஓர் அச்சு உருவாகிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆபத்து, ஜெபம், அற்புதம், கைதட்டல் என்ற வரிசையில் அது ஓடுகிறது; கடைசியில், கர்த்தரை நம்புகிறவனுக்குப் பொல்லாப்பு நேரிடாது என்னும் 91-ஆம் சங்கீதம் காப்பீட்டுப் பத்திரத்தைப் போல வாசிக்கப்படுகிறது. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி ஆண்டவரைச் சோதித்த சாத்தானும் அதே சங்கீதத்தைத்தான் எடுத்துக் காட்டினான் என்பதை ஏனோ யாரும் நினைப்பதில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளோ என்று ஆண்டவரே கேட்டு, இல்லை என்று அவரே மறுத்தார். அதோடு அவர் நிற்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, நீங்கள் மனந்திரும்புங்கள் என்றார். தப்பியவனுக்கு அதில் பாராட்டு இல்லை, அழைப்புதான் இருக்கிறது. உங்கள் சாட்சியும் அந்த எல்லைக்குள் நிற்கட்டும்.

தங்கையாகப் பிறந்தவள் எழுதியது:

ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் வேத விளக்கம் அறிந்தவர்கள் எளிதாகக் கடந்துவிடும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். என் அண்ணனை நாங்கள் கூட்டரசு நெடுஞ்சாலையில் இழந்தோம். கோவிட் கட்டுப்பாட்டு ஆண்டுகள் நீங்கலாக இந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,000 பேர், சில ஆண்டுகளில் அதற்கும் மேல், சாலைகளில் இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஆகவே நீங்கள் எந்தத் தமிழ்ச் சபையில் எழுந்து பேசினாலும், கேட்பவர்களில் எங்களைப் போன்றவர்கள் இருக்கவே செய்வார்கள்.

பிறர் தப்பியதற்காக நன்றி சொல்வதைக் கேட்டு நாங்கள் ஒருபோதும் வருந்தியதில்லை. தாங்கள் தப்பியதற்குக் காரணம் சொல்லத் தொடங்கும்போதுதான் எங்கள் அம்மா எழுந்து வெளியே போய்விடுவார். காலையில் ஜெபித்துவிட்டுப் புறப்பட்டேன், அதனால் பிழைத்தேன் என்று ஒருவர் சொன்னார். என் அண்ணனும் ஜெபித்துவிட்டுத்தான் புறப்பட்டார். கர்த்தருக்கு என்னைக் கொண்டு செய்யவேண்டிய ஊழியம் இன்னும் இருக்கிறது என்று இன்னொருவர் சொன்னார். அப்படியானால் 26 வயதில் போனவருக்குச் செய்ய ஒன்றுமில்லை என்று பொருளா?

நடந்ததைச் சொல்லுங்கள், நன்றி சொல்லுங்கள், காரணம் மட்டும் சொல்லாதீர்கள். அதற்கு முன், மகனை இழந்த அந்தக் குடும்பத்தை வீட்டில் போய்ப் பாருங்கள். ஞாயிறன்று இதைப் பேசப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், அன்று வருவதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

புக்கிட் மெர்தாஜாம் அக்காள் எழுதியது:

நாங்கள் கத்தோலிக்கர், எங்கள் பூசையில் எழுந்து சாட்சி சொல்லும் வழக்கம் பொதுவாக இல்லை. ஆபத்திலிருந்து தப்பினால் நன்றித் திருப்பலிக்குக் கருத்துக் கொடுப்போம், அதாவது அந்தப் பூசையை நம் நன்றிக்காக ஒப்புக்கொடுக்கும்படி கேட்டுக்கொள்வோம். சூலை 26-ஆம் நாளை ஒட்டி இங்குள்ள புனித அன்னம்மாள் பேராலயத்தில் திருவிழா நடக்கும்போது மெழுகுத்திரி ஏற்றி நேர்த்திக்கடன் செலுத்துவோரில் அப்படித் தப்பியவர்கள் பலர் உண்டு. தம்பியின் நிலையில் நான் இருந்தால், ஒரே திருப்பலியில் என் நன்றிக்கும் அந்த இளைஞரின் ஆன்ம இளைப்பாற்றிக்குமாகச் சேர்த்தே கருத்துக் கொடுத்திருப்பேன். இறந்தவருக்காக மன்றாடுவது உங்கள் சபை வழக்கமன்று என்பதை அறிவேன். அவருடைய குடும்பத்துக்காக ஜெபிக்கலாம் அல்லவா? அவர் எந்தச் சமயத்தவர் என்று நீங்கள் குறிப்பிடாததும் எனக்குப் பிடித்திருந்தது.

சொக்சோ உதவியாளர் எழுதியது:

மேலே சொன்னவற்றோடு ஒரு நடைமுறைச் செய்தியையும் சேர்க்கிறேன். அந்த இளைஞர் வேலைக்குச் சென்றுகொண்டிருந்த சந்தாதாரராக இருந்தால், வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தில் நேரும் விபத்துக்கும், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் பாதுகாப்பு உண்டு. அவரைச் சார்ந்திருந்தோர் உதவித்தொகை கோரலாம். லோரியின் காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கோருவது தனி வழக்கு. அதைப் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். கயிறு அறுந்து பலகை விழுந்ததைக் கண்ணால் கண்டவர் வாக்குமூலம் கொடுத்திருக்கிறாரா என்பதைப் பொறுத்து இத்தகைய வழக்கின் போக்கே மாறக்கூடும். இல்லையென்றால், அந்த இளைஞர் ஈரச்சாலையில் தானாகச் சறுக்கி விழுந்தார் என்று எதிர்த்தரப்பு வாதிட இடமுண்டு. நீங்களும் கீழே விழுந்தவர் என்பதால் போலீசில் புகார் செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். சட்டப்படி அதை 24 மணி நேரத்துக்குள் செய்திருக்க வேண்டும். அந்தப் புகாரில் உங்கள் சிராய்ப்பைப் பற்றி மட்டும் சொல்லியிருந்தால், விசாரணை அதிகாரியைச் சந்தித்து அந்த இளைஞரைப் பற்றியும் சொல்லுங்கள்.

பிறைவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. புகார் அன்றே செய்துவிட்டேன். ஆனால் பின்னால் வந்தவரைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. நாளை வேலை முடிந்ததும் விசாரணை அதிகாரியைப் பார்க்கப் போகிறேன். சாட்சியை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கப் போதகர் ஒப்புக்கொண்டார். அதற்குள் எங்கள் சபையில் மகனை இழந்த அந்தக் குடும்பத்தையும் பார்த்துவிடுவேன். தங்கச்சி, அவர்கள் வீட்டுக்குப் போகும்போது போதகரையும் அழைத்துச் செல்வது நல்லதா, நான் மட்டும் போவது நல்லதா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

தங்கையாகப் பிறந்தவள் எழுதியது:

மனைவியை அழைத்துக்கொண்டு போங்கள். போதகர் வந்தால் அவர்கள் ஜெபத்துக்கு ஆயத்தமாகிவிடுவார்கள். மனம் விட்டுப் பேச மாட்டார்கள்.