மகளிர் உரிமைத் தொகை: ஒப்புதல் வந்தும் பணம் வரவில்லை

வணக்கம். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு அம்மாவின் விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்து சில மாதங்கள் ஆகின்றன. ஆனால் மாதம் 1,000 ரூபாய் இதுவரை கணக்கில் ஏறவில்லை. ஊர் திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். அம்மாவுக்கு அந்தப் பணம்தான் சர்க்கரை மாத்திரைக்கு, அதனால் விட்டுவிட மனமில்லை.

பாஸ்புக்கில் வரவு போட்டுப் பார்த்தாயிற்று. இ-சேவை மையத்தில் கேட்டதற்கு விண்ணப்பத்தில் குறை எதுவும் இல்லை என்றார்கள். அப்புறம் ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பைப் பார்த்தால், பல வருடங்களாகப் பயன்படுத்தாமல் முடங்கிப்போன ஒரு பழைய கணக்கு காட்டுகிறது. இந்தத் தொகை ஆதாரோடு இணைந்த கணக்குக்குத்தானே போகும், அங்கே போய்த் திரும்பியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இப்போது பயன்படுத்தும் வங்கியில் இணைப்பை மாற்றப் படிவம் கொடுத்தோம். போன வாரம் மாறிவிட்டது, இணையதளத்திலும் புதிய வங்கிதான் தெரிகிறது. சரி, இனி வரும் மாதங்கள் கவலையில்லை. விட்டுப்போன மாதங்களுக்கு மட்டும் எங்கே கேட்டாலும் தெளிவான பதில் இல்லை.

இதே நிலையில் இருந்து நிலுவையை வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: அது தானாக வந்ததா, இல்லை தனியாக மனு கொடுக்க வேண்டியிருந்ததா?