பழைய கேலக்டிகாவை நேசிப்பவர்கள் புதியதைப் பார்க்கலாமா?

மாலைப்பொழுது கேட்டது:

1978-இல் வந்த பேட்டில்ஸ்டார் கேலக்டிகா என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரை இப்போதுதான் முழுவதும் பார்த்து முடித்தேன். மனசு இன்னும் அதிலேயே இருக்கிறது. கேலக்டிகா என்ற போர்க்கப்பலின் தளபதி அடாமாவாக லார்ன் கிரீன் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். போர்விமானிகளான அப்போலோவும் ஸ்டார்பக்கும் சேர்ந்து வரும் காட்சி ஒவ்வொன்றும் பிடித்தது.

2003-இல் இதையே புதிதாக எடுத்திருக்கிறார்கள், பலரும் கொண்டாடுகிறார்கள். ஆனால் அந்தக் காலத்து ரசிகர்கள் எழுதியவற்றைத் தேடிப் படித்தால் தயக்கமாக இருக்கிறது. ஸ்டார்பக்கைப் பெண்ணாக்கிவிட்டார்கள், எதிரிகளான சைலான் இயந்திரங்களை மனித உருவத்தில் காட்டுகிறார்கள், கதை முழுக்க ஒரே இருட்டு என்று கொதித்திருக்கிறார்கள். அப்போலோவாக நடித்த ரிச்சர்ட் ஹேட்சே முதலில் எதிர்த்தாராம். இதைப் பார்த்தால் பழையது எனக்குக் கெட்டுப்போகுமா? பழையதைப் பற்றி எது வேண்டுமானாலும் பேசலாம், புதியதில் ஸ்பாய்லர் மட்டும் வேண்டாம்.

வைப்பர்விமானி:

பார்க்க வேண்டாம் என்பதுதான் என் பதில். பழையதில் எத்தனை பேர் செத்தாலும் ஒரு நம்பிக்கை இருந்தது, குடும்பப் பாசம் இருந்தது. புதியதில் ஆளாளுக்குக் குடி, சந்தேகம், சண்டை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1978-லேயே கர்னல் டையாக டெரி கார்ட்டர், பூமராக ஹெர்பர்ட் ஜெபர்சன் என்று இரண்டு கறுப்பின நடிகர்கள் முக்கியமான அதிகாரி வேடங்களில் இருந்தார்கள். புதியதில் அந்த இரண்டு இடமும் வேறு ஆட்களுக்குப் போய்விட்டது. ஸ்டார்பக் விஷயத்தில் கத்தியவர்கள் இதைப் பற்றி அவ்வளவு பேசவில்லை என்பது எனக்கு இன்றுவரை வருத்தம்.

கடைசிக்கப்பல்:

வைப்பர்விமானி சொன்ன அந்த இரண்டாவது விஷயம் நியாயமான குறை, அதை மறுக்க மாட்டேன். ஆனாலும் நீங்கள் பார்க்கத்தான் வேண்டும். அதற்கு முன், அந்த ரசிகர்கள் ஏன் அப்படிக் கொதித்தார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பிடிவாதம் என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிட முடியாது.

பழைய தொடரின் கடைசி எபிசோடை இப்போதுதான் பார்த்திருப்பீர்கள். கப்பலின் உச்சியில், எல்லாரும் மறந்துபோன அந்தக் கண்ணாடிக் கூண்டு. உள்ளே பழைய கருவி ஒன்று. அப்போலோவும் ஸ்டார்பக்கும் வெளியே போன பிறகு திரையில் புள்ளிபுள்ளியாக ஒரு படம் வருகிறது: 1969-இல் மனிதன் நிலவில் இறங்கிய ஒளிபரப்பு. அவர்கள் தேடிய பூமியின் குரல் வந்து சேர்ந்துவிட்டது, பார்க்க அங்கே ஆள் இல்லை. 1979 ஏப்ரலில் இதோடு நிறுத்திவிட்டார்கள். 1980-இல் கேலக்டிகா 1980 என்று ஒன்று வந்தது, பத்து எபிசோடு. ஸ்டார்பக் தனியாகச் சிக்கிக்கொள்ளும் அந்தக் கடைசிக் கதையைத் தவிர மற்றதை ரசிகர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

ஆக, அவர்கள் காத்திருந்தது தொடர்ச்சிக்கு. அந்தச் செய்தி வந்ததே, அப்புறம் என்ன ஆயிற்று? ரிச்சர்ட் ஹேட்ச் அந்தக் கேள்வியை விடவே இல்லை. தொடர்ச்சியாக நாவல்கள் எழுதினார். 1999-இல் தன் சொந்தப் பணத்தைப் போட்டு, பழைய நடிகர்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டு, ஒரு முன்னோட்டப் படம் எடுத்து ரசிகர் கூட்டங்களில் போட்டுக் காட்டினார். எழுந்து நின்று கைதட்டினார்கள். 2001-இல் பிரையன் சிங்கரும் டாம் டிசாண்டோவும் ஒரு தொடர்ச்சியை எடுக்கவே தொடங்கினார்கள். அரங்கம் போடும் வேலை நடந்துகொண்டிருந்தபோது அதுவும் கைவிடப்பட்டது. இவ்வளவுக்கும் பிறகு, புதியதை உருவாக்கிய ரொனால்ட் டி. மூர் முதலிலிருந்து வேறு மாதிரி சொல்லப்போகிறார் என்று அறிவிப்பு வந்தால் எப்படி இருக்கும்? இருபது வருடத்துக்கு மேல் வாசலில் நின்றவர்களிடம் வீட்டையே இடித்துக் கட்டப்போகிறோம் என்று சொன்ன மாதிரிதான். பழைய ஸ்டார்பக்காக நடித்த டர்க் பெனடிக்ட் புதிய ஸ்டார்பக்கைத் திட்டி ஒரு கட்டுரையே எழுதினார். அவர் வாதங்கள் எனக்கு ஏற்பில்லை. புதிய ஸ்டார்பக்கான காரா த்ரேஸாக வரும் கேட்டி சாக்காஃபைப் பத்து நிமிடம் பார்த்தாலே உங்களுக்கும் இருக்காது.

சரி, புதியது பழையதை அவமதிக்கிறதா? கேலக்டிகா ஓய்வு பெற்று அருங்காட்சியகமாகப் போகும் நாளில் கதை தொடங்குகிறது. பழைய சைலான் ஒன்று கண்ணாடிக்குள் காட்சிக்கு நிற்கிறது. விழாவில் விமானங்கள் பறக்கும்போது பின்னணியில் பழைய தொடருக்கு ஸ்டூ பிலிப்ஸ் அமைத்த இசை கேட்கும். தாக்குதல் வந்ததும் புத்தம்புது வைப்பர் போர்விமானங்கள் கணினி வழியாகவே முடக்கப்பட்டு, ஆகாயத்தில் அப்படியே மிதக்கின்றன. காட்சிக்கு வைத்திருந்த பழைய வைப்பர்களைத் தள்ளிக்கொண்டு ஓடி ஏவு குழாய்களில் ஏற்றுகிறார்கள். நீங்கள் 1978-இல் பார்த்த அதே வடிவ விமானங்கள். கணினிகளை வலையில் இணைக்க அடாமா விடாததால்தான் அந்தக் கிழட்டுக் கப்பலே தப்பிக்கிறது. பழையதைப் பிடிக்காத ஒருவர் இப்படி ஒரு தொடக்கத்தை எழுத மாட்டார். (இது முதல் பாதியிலேயே வந்துவிடும், ஸ்பாய்லர் என்று நினைக்க வேண்டாம்.)

மூர் பிடித்துக்கொண்டது பழையது பாதியில் விட்ட இடத்தை. யோசித்துப் பாருங்கள்: மனிதர்கள் வாழும் பன்னிரண்டு காலனிகளும் எரிந்து சாம்பலாகின்றன, அதே கதை முடிவதற்குள் கரில்லான் கிரகத்துச் சூதாட்ட விடுதியில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். பழையதை உயிராக நேசிக்கிற எனக்கே அங்கே நெருடும். புதியது அந்தத் துக்கத்தை விட்டு நகர மறுக்கிறது. “33” என்ற எபிசோடில் முப்பத்து மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை சைலான்கள் வந்து நிற்கும். ஐந்து நாளாக ஒருவருக்கும் தூக்கமில்லை. குடியரசுத் தலைவர் லாரா ரோஸ்லின் ஒரு வெள்ளைப் பலகையில் உயிரோடிருப்பவர்களின் எண்ணிக்கையை எழுதி வைத்திருப்பார், ஐம்பதாயிரத்தைச் சுற்றி ஓர் எண். யாராவது வந்து தகவல் சொல்வார்கள், அவர் அழித்துவிட்டுத் திரும்ப எழுதுவார். பெரிய போர்க்காட்சி எதுவும் அந்தப் பலகை அளவுக்கு என்னை அசைத்ததில்லை. அந்த எபிசோடுக்கு 2005-இல் அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருது கொடுத்தார்கள்.

இனி ஹேட்ச். அவ்வளவு எதிர்த்தவரை மூர் அழைத்து ஒரு வேடம் கொடுத்தார். முதல் சீசன் மூன்றாவது எபிசோடில் டாம் ஸாரெக் என்ற அரசியல் கைதியாக வருகிறார். புதிய அப்போலோவான ஜேமி பேம்பரை எதிரே வைத்துக்கொண்டு, அப்போலோ என்ற அந்தப் பெயரைப் பற்றியே ஸாரெக் பேச்சைத் தொடங்குவான். இரண்டு அப்போலோக்களும் ஒரே சட்டகத்தில். அந்தப் பெயரைச் சுமந்தவர் அவர் என்று தெரிந்து பார்ப்பவர்களுக்கு அது இரண்டு மடங்கு காட்சி. ஹேட்ச் 2017-இல் காலமாகும்வரை பழைய ரசிகர்கள், புதிய ரசிகர்கள் என்று இரு தரப்பும் அவரைத் தங்களவராகவே வைத்திருந்தார்கள். என்னைப் பொறுத்தவரை மொத்தச் சண்டையிலும் ஆகச் சிறந்த ரசிகர் எதிர்வினை அவருடையதுதான். தொடர்ச்சி கிடைக்காத வருத்தத்தை மறைக்காமலே புதியதிலும் மனதார நடித்தார்.

இரண்டாம்தலைமுறை:

நான் தலைகீழ். புதியதை முதலில் பார்த்துவிட்டுத்தான் பழையதுக்குப் போனேன். இரண்டு ஸ்டார்பக்கும் வாயில் சுருட்டோடு சீட்டாடும்போது ஒரே ஆள்தான். எனக்கு எதுவும் கெட்டுப்போகவில்லை.

மாலைப்பொழுது:

அனைவருக்கும் நன்றி. அந்தக் கண்ணாடிக் கூண்டுக் காட்சியை இப்படி யாராவது பேசிக் கேட்க வேண்டும் என்றுதான் இருந்தேன். பார்க்கப்போகிறேன். எங்கிருந்து தொடங்குவது? வரிசை குழப்பமாக இருக்கிறது.

கடைசிக்கப்பல்:

2003 டிசம்பரில் வந்த இரண்டு பாகக் குறுந்தொடர்தான் முதலில். முதல் சீசன் “33”-இல் தொடங்குவதால் பலர் நேரே அங்கே போய் முழிக்கிறார்கள். குறுந்தொடரைச் சில இடங்களில் தனிப்படமாகப் பட்டியலிட்டிருப்பார்கள், பெயரை வைத்துத் தேடுங்கள். அதன்பின் முதல் மூன்று சீசன்கள் வரிசையாக.

இரண்டாம் சீசன் பத்தாவது எபிசோடு “பெகாசஸ்”. அதற்கு முந்தைய நாள், பழையதில் லாயிட் பிரிட்ஜஸ் கமாண்டர் கெயினாக வரும் “தி லிவிங் லெஜண்ட்” இரண்டு பாகத்தையும் மறுபடி பாருங்கள். அதே பெகாசஸ் கப்பல், அதே கெயின் என்ற பெயர், இரண்டு காலம் அதை எப்படிக் கையாண்டிருக்கிறது என்பது அடுத்தடுத்துப் பார்த்தால்தான் உறைக்கும். பழையதில் கெயின் வந்தால் உற்சாகம் பொங்கும். புதியதில் மிஷல் ஃபோர்ப்ஸ் நடிக்கும் அட்மிரல் கெயினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

“ரேசர்” என்ற 2007 தொலைக்காட்சிப் படமும் பெகாசஸ் கதைதான் என்பதால் அங்கேயே பார்த்துவிடத் தோன்றும். வேண்டாம். மூன்றாம் சீசன் முடிந்து, நான்காவதுக்கு முன் பாருங்கள். முதலில் ஒளிபரப்பானதும் அப்படித்தான், பிற்பாடு வரும் விஷயங்களுக்கான குறிப்புகளும் அதில் இருக்கின்றன. பளபளக்கும் பழைய சைலான்களும் அதில் வருவார்கள், அந்த இயந்திரக் குரலோடு. ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

“33” முடித்ததும் இங்கே வந்து எழுதுங்கள். வைப்பர்விமானி, நீங்களும் இருங்கள், டை பற்றி நாம் இன்னும் பேச வேண்டியிருக்கிறது.